புவானி அதிகாரியின் பச்சை ஹெல்மெட்

கொம்போவுக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது ஊரில் யாரும் சிரிக்கவில்லை. என்ன வேலை என்று கேட்ட பிறகுதான் சிரித்தார்கள்.

புவானி அதிகாரி.

புவானி என்றால் கடற்கரை. சந்தேகமே இல்லை, அர்த்தம் அதுதான். ஆனால் எங்கள் மொஹேலித் தீவில் விடிந்தும் விடியாமலும் ஒருவன் கையில் செம்போடு "புவானிக்குப் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பினால், அவன் அலையை ரசிக்கப் போகவில்லை என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புவானிக்குத்தான் ஓர் அதிகாரியைப் போட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து கொம்போ தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "தலைவரே, அவசரம். அனுமதி உண்டா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். முதல் வாரம் கோபப்பட்டான். இரண்டாம் வாரம் "வரிசையில் வா" என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

எல்லாம் சுயாட்சி வந்த புதிது. நாட்டில் இருப்பது மூன்று தீவு, அதற்கு நான்கு ஜனாதிபதி. தீவுக்கு ஒருவர், அவர்களுக்கெல்லாம் மேலே ஒன்றியத்துக்கு ஒருவர். எது யாருக்கு என்று பிரித்துக்கொள்ளும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாகம் பிரிக்கிற வீட்டில் அண்டா குண்டாவுக்கு அடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. கடைசியில் கடல் ஒன்றியத்துக்கு, புவானி தீவுக்கு என்று முடிவாயிற்று. கடல் ஓரிடத்தில் நிற்காதே, ஏறி ஏறி இறங்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

கொம்போவுக்குச் சீருடை இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்று ஒரு ஹெல்மெட் கொடுத்திருந்தார்கள். முன்பு சாலை போட வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன மஞ்சள் ஹெல்மெட், அதன் மேல் பச்சை பூசியிருந்தது. கூடவே ஒரு விசில், ஒரு டப்பா பச்சை பெயிண்ட், ஒரு பிரஷ். வேறு தீவிலிருந்து எந்தக் கால்நடை வந்து இறங்கினாலும் அதன் கொம்பில் பச்சைக் குறி வைக்க வேண்டும். அதுதான் வேலை. வேலை கிடைத்த நாளிலிருந்து ஓர் ஆடுகூட வந்து இறங்கவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வீட்டில் இருந்தது. அது அவனுடைய சகலை ஆத்துமான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது. மருமகன் பெட்டியோடு வருவான், நல்லபடியாக நடந்துகொண்டால் பெட்டி உள்ளே இருக்கும். கொம்போவின் மாமியார் ஸலிஹாத்தாவுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் நஸாபியாவைக் கட்டியவர் ஆத்துமான். நடுவுள்ளவள் எஷாத்தியைக் கட்டியவன் கொம்போ. இரண்டு பேர் பெட்டியும் ஒரே முற்றத்தில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. ஆத்துமான் ஒன்றிய அரசின் சுங்கக்காரர். நீலத் தொப்பி, நீலப் பெயிண்ட், ஒன்றியம் ஒன்றியமாக இல்லாத காலத்திலிருந்தே உத்தியோகம். சாப்பாட்டுப் பாயில் கை கழுவத் தண்ணீர் அவருக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். மீன் தலையும் அவருக்குத்தான். கொம்போவுக்குத் தண்ணீர் இரண்டாவது, மீனில் வால். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாலைத்தான் தின்று வருகிறான். வாலில் முள் அதிகம்.

மூன்றாவது பெண் அன்ஸிஸாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை பாக்கார், பக்கத்துத் தீவுக்காரன். தீவின் பெயர்தான் அஞ்சுவான், ஆனால் அங்கே எவரும் எவருக்கும் அஞ்சியதில்லை. நிச்சயம் முடிந்த கையோடு அந்தத் தீவு, எங்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று கிளம்பிவிட்டது. படகு நின்றது. கல்யாணமும் நின்றது. மறுபடி தேதி வைத்தார்கள், மறுபடி ஏதோ ரகளை, மறுபடி படகு நின்றது. அரசாங்கங்கள் கூடிப் பேசிச் சமாதானமாகி, ஆளுக்கொரு சுயாட்சி வாங்கிக்கொண்டு முடிப்பதற்குள், அன்ஸிஸாவோடு படித்த பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

வழக்கம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டுக் காளை, கல்யாணத்துக்கு முதல் நாள் பொழுது சாய்வதற்குள், தன் காலால் நடந்து பெண் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். தூக்கி வரக்கூடாது, வண்டியில் ஏற்றக்கூடாது. காளை வராவிட்டால் கல்யாணம் இல்லை. இதை எந்த ஜனாதிபதியாலும் மாற்ற முடியாது, நான்கு பேரும் சேர்ந்து வந்தாலும் முடியாது.

வியாழக்கிழமை காலை கொம்போ ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அன்ஸிஸா அறை வாசலில் வந்து நின்றாள். முகம் முழுக்க மஞ்சள் சந்தனம் அப்பியிருந்தது. இரண்டு கைகளிலும் மருதாணி, எதையும் தொடாமல் விரித்துப் பிடித்திருந்தாள்.

"அத்தான், மாடு இன்னைக்கு வந்துருமா?"

"அதெல்லாம் வந்துரும். என் புவானியில கால் வச்சுட்டா அப்புறம் என் பொறுப்பு. நீ போய் சந்தனம் காயுறவரைக்கும் சிரிக்காம உக்காரு."

"நான் மாட்டைப் பத்திக் கேக்கல அத்தான். இந்தத் தடவையாவது நடக்குமான்னு கேக்குறேன்."

கொம்போ ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். "நடக்கும்மா," என்றான்.

எஷாத்தி பின்னாலிருந்து சொன்னாள்: "கேட்டீங்கல்ல? மாடு வீட்டுக்கு வரணும். அதுல பச்சை வைங்க, மஞ்சள் வைங்க, வாசனைத் தைலம் தடவுங்க, எனக்குக் கவலையில்ல. வரணும்."

மதியத் தொழுகை முடிந்த நேரம் பாறைத்திட்டுக்கு அப்பால் படகு தெரிந்தது. ஒரே முற்றத்திலிருந்து இரண்டு அரசாங்கங்கள் புறப்பட்டன. முன்னால் நீலத் தொப்பி, நீல டப்பா. பின்னால் பச்சை ஹெல்மெட், பச்சை டப்பா. ஒரே ஒற்றையடிப் பாதை. ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நடந்தார்கள். காலையில் ஒரே சட்டியிலிருந்து மரவள்ளிக்கிழங்கு எடுத்துத் தின்றவர்கள்தான்.

படகுக்காரர்கள் வழக்கம்போல் காளையைக் கடலில் தள்ளிவிட்டார்கள். நல்ல காளை, திமில் ஒரு பக்கமாகச் சாய்கிற அளவுக்குக் கொழுத்தது. கயிற்றோடு நீந்தி வந்து, முன்னங்கால் இரண்டையும் மணலில் வைத்தது. பின்னங்கால் இரண்டும் தண்ணீரில் இருந்தன. அப்படியே நின்று பெருமூச்சு விட்டது.

இரண்டு பிரஷ்களும் ஒன்றாக நீண்டன.

"கொம்போ, கொஞ்சம் தள்ளி நில்லு," என்றார் ஆத்துமான். "கடல்ல வந்த மாடு. முதல் குறி ஒன்றியத்தோடது. அப்புறம் நீ உன் பச்சையை வை, வாலுல வை, எங்க வேணா வை."

அந்த 'வால்' என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர் சும்மாதான் சொன்னார். கொம்போவுக்கு இத்தனை வருஷம் தின்ற மீன் வாலெல்லாம் நெஞ்சில் குத்தியது.

"அண்ணே, மாடு நிக்கிறது புவானியில."

"பாதிதான் நிக்குது."

"எந்தப் பாதிங்கண்ணே? தலை இருக்கிற பாதி என்கிட்ட இருக்கு. கொம்பு தலையிலதான இருக்கு? உங்க பக்கம் இருக்கிறதுல பெயிண்ட் அடிக்கணும்னா தாராளமா அடிங்க, மாடு உதைச்சா நான் பொறுப்பில்ல."

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். ஆத்துமானின் காது சிவந்தது.

"புவானின்னா மணல். தண்ணி எங்க தொடங்குதோ அங்க புவானி முடிஞ்சுது."

"அப்படியாண்ணே? விடியக்காலையில நீங்க புவானிக்குப் போனா எங்க உக்காருவீங்க? மணல்லயா, தண்ணியிலயா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊரில் எல்லோரையும் போலவே ஆத்துமானும் அலை வந்து கழுவிக்கொண்டு போகும் இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். ஆக, தண்ணீர் ஏறி இறங்கும் இடமெல்லாம் புவானிதான் என்று கொம்போ தரப்பு வாதம் நிலைத்துவிட்டது. ஆனால் ஆத்துமான் வாதத்தில் தோற்றால் ஒப்புக்கொள்கிற ஆள் அல்ல. காளையின் பின்னால் முழங்கால் தண்ணீரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"கடல் ஏறுது பாரு," என்றார். "எனக்கு அவசரமில்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல நாலு காலும் என்கிட்ட வந்துரும்."

அது உண்மைதான். கொம்போ கயிற்றைப் பிடித்துக் காளையை மேலே இழுத்தான். தண்ணீரும் மேலே வந்தது. ஆத்துமானும் தண்ணீரோடு மேலே வந்தார். மறுபடி இழுத்தான். மறுபடி தண்ணீர், மறுபடி ஆத்துமான். கொம்போ பச்சை பிரஷ்ஷை நீட்டினால் இவர் அவன் கையைத் தட்டிவிடுவார். இவர் நீல பிரஷ்ஷை நீட்டினால் அவன் விசில் ஊதுவான். காளை முதலில் தலையை ஆட்டியது. பிறகு விசிலைக் கேட்டு மிரண்டது. பிறகு ஆட்டமும் நின்றது. ஒரு முறை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"எழுப்பு," என்றார் ஆத்துமான்.

"உங்க பக்கம்தான உக்காந்திருக்கு, நீங்க எழுப்புங்க."

எழுப்பினார்கள். வாலை முறுக்கினார்கள், தட்டினார்கள், தள்ளினார்கள், காதில் கத்தினார்கள். காளை அசையவில்லை. வேடிக்கை பார்த்தவர்களும் தோள் கொடுத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் படகிலிருந்தே, "எங்க ஊர்ல நல்லா நடந்துட்டு இருந்துச்சு, நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு, கடல் வற்றுவதற்குள் திரும்ப வேண்டும் என்று மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மலைக்கு மேலே சூரியன் சாயத் தொடங்கியது. வேடிக்கை பார்த்தவர்களுக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போது எஷாத்தி தென்னைமரங்களுக்கு இடையிலிருந்து வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் போர்த்தும் சிவப்பு ஷிரோமணித் துணியைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவள் கத்தியிருந்தால் கொம்போவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்ஸிஸா அழுறா," என்றாள். "சந்தனமெல்லாம் கோடு கோடாப் போச்சு. கண்ணைத் துடைக்கக்கூட முடியல அவளால, கையில மருதாணி. அம்மா துடைச்சு விடுறாங்க." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

கொம்போ காளையைப் பார்த்தான். அன்று அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவன் பார்த்ததெல்லாம் கொம்பை மட்டும்தான். நாக்கு வெளியே தொங்கியது. மூக்கின் ஓரத்தில் உப்பு பொரிந்திருந்தது. காலையிலிருந்து படகில் வெயிலில் நின்று, கடலில் நீந்தி, வாய் நிறைய உப்புத் தண்ணீர் குடித்து வந்திருக்கிறது. இதற்கு ஒரு வாய் நல்ல தண்ணீர் கொடுக்க எந்த அரசாங்கத்துக்கும் தோன்றவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்ஸிஸாவிடம் நடக்கும்மா என்று சொன்ன வாய் இது. அந்த வாயில் விசிலை வைத்து ஊதிக்கொண்டு நின்றிருக்கிறான்.

தென்னைமரங்களுக்குப் பின்னால் ஓடை இறங்கி வரும் இடம் இருக்கிறது. அங்கே ஓடினான். ஓடிப் போன பிறகுதான் கையில் பாத்திரம் இல்லை என்று தெரிந்தது. பெயிண்ட் டப்பா நிறைய பெயிண்ட். கொம்போ சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தலையிலிருந்த சுயாட்சியைக் கழற்றி ஓடையில் முக்கினான்.

ஹெல்மெட் நிறையத் தண்ணீரோடு வெறுந்தலையாக அவன் வருவதைப் பார்த்துக் கூட்டம் வழிவிட்டது. காளை மோந்து பார்த்தது. ஒரே உறிஞ்சலில் குடித்துவிட்டு, ஹெல்மெட்டின் அடியையும் நக்கியது.

"இன்னும் கொண்டா," என்றார் ஆத்துமான். குரல் மாறியிருந்தது. "இரு, நானும் வர்றேன்."

இரண்டு பேரும் ஓடைக்கு ஓடினார்கள். ஆத்துமான் தன் நீலத் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை மொண்டார். ஒன்றியத்தின் தொப்பி நல்ல உயர்ந்த துணியில் தைத்தது. கரைக்கு வருவதற்குள் எல்லாம் ஒழுகிப்போய் அவர் சட்டையைத்தான் நனைத்திருந்தது.

"ஹெல்மெட்தான் சகலை சரி," என்றார் மூச்சு வாங்க. "உங்காளுங்க விவரமாத்தான் கொடுத்திருக்காங்க."

அவர் இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவனைச் சகலை என்று கூப்பிட்டார். அதைக் கவனிக்கக்கூட கொம்போவுக்கு நேரமில்லை. நாலாவது தடவை ஹெல்மெட்டைக் கொண்டுவந்தபோது குடிக்கக் கொடுக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். காளை கழுத்தை நீட்டியது. இன்னும் தள்ளிப் பிடித்தான். காளை முனகிக்கொண்டே எழுந்தது.

பிறகு அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தது ஓர் ஊர்வலம். முன்னால் கொம்போ, ஹெல்மெட்டை ஏந்திக்கொண்டு பின்பக்கமாக நடந்தான். அவன் கையைப் பார்த்தபடி காளை. காளைக்குப் பின்னால் ஆத்துமான், திரும்பிப் போய்விடாதபடி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தலையில் பிழிந்த தொப்பியோடு நடந்தார். இரண்டு பெயிண்ட் டப்பாக்களையும் யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். காளையின் கொம்பில் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அது நாட்டுக்குள் நுழையவே இல்லை.

வாசலில் மாமியார் ஸலிஹாத்தா சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். மலைமேல் வெளிச்சம் இன்னும் இருந்தது. காளை முற்றத்துக்குள் காலை வைத்தது.

"முதல் குறி யாரு வச்சீங்க, மாப்பிள்ளை?" என்று கேட்டார். அவருக்கு எல்லாச் செய்தியும் வந்திருந்தது.

ஒன்றியம் தரையைப் பார்த்தது. சுயாட்சி ஹெல்மெட்டைப் பார்த்தது.

"யாரும் வைக்கலையா? அப்போ நான் வச்சுக்கிறேன்." மூன்று விரல்களால் சந்தனத்தை எடுத்துக் காளையின் நெற்றியில் அப்பினார். "மூத்த மாப்பிள்ளை ஒன்றியம். அடுத்தவரு சுயாட்சி. நாளைக்கு வர்றவரு தனி நாடு கேட்ட ஊர்க்காரர். மூணு பேரும் என் சட்டியிலதான் சாப்பிடணும், அதை ஞாபகம் வச்சுக்கங்க. அந்தப் பெயிண்டை வீணாக்காதீங்க. கோழிக்கூட்டுக் கதவு வெளுத்துக் கிடக்கு."

சன்னல் பக்கம் சத்தம் கேட்டது. அன்ஸிஸா நின்றுகொண்டிருந்தாள். முகத்துச் சந்தனம் வெடித்து உதிரும்படி சிரித்தாள். சிரிக்கக்கூடாது என்று இப்போது யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கொம்போவுக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டான்.

அன்று மாலைக்குள் கோழிக்கூட்டுக் கதவு பாதி பச்சை, பாதி நீலமாகிவிட்டது. நடுவில் கோடு கொஞ்சம் கோணல். யார் பக்கம் அதிகம் என்று இன்றுவரை தகராறு உண்டு.

மறுநாள் கல்யாணம் முடிந்து, மருமகன்கள் மூவரும் முதல் தடவையாக ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். நடுவில் சோறு, காளைக்கறி, பெரிய மீன் ஒன்று. ஸலிஹாத்தா கை கழுவத் தண்ணீர்க் குடுவையோடு வந்தார். வழக்கம்போல் ஆத்துமான் பக்கம் சாய்த்தார்.

ஆத்துமான் கையை நீட்டவில்லை. "அத்தை, இன்னைக்கு சகலைக்கு முதல்ல ஊத்துங்க."

கொம்போவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எத்தனையோ நாள் படுத்துக்கொண்டு கனவு கண்ட இடம் இது. வந்து சேர்ந்ததும் உட்கார முடியவில்லை. "அதெப்படிண்ணே? நீங்க மூத்தவரு. நீங்க முதல்ல."

"அட, சொல்றேன்ல. நீ முதல்ல."

"நீங்க இருக்கும்போது நான் எப்படிண்ணே..."

"சகலை, கேளு. மாடு எழுந்தது உன்னால."

"பின்னாடி நீங்க வரலன்னா அது திரும்பிப் போயிருக்கும்ண்ணே. நீங்கதான் முதல்ல."

குடுவை அவர் பக்கம் சாய்ந்தது, இவன் பக்கம் சாய்ந்தது, ஒருவர் கையிலும் ஒரு சொட்டு விழவில்லை. நேற்று புவானியில் நின்ற அதே பிடிவாதம்தான், திசை மட்டும் மாறியிருந்தது. ஸலிஹாத்தா அலுத்துப்போய், "இதுக்கும் ஒரு அதிகாரியைப் போடச் சொல்லணும்," என்றார்.

இதற்குள் அஞ்சுவான் மாப்பிள்ளை யாரையும் கேட்காமல், பக்கத்தில் இருந்த சொம்பில் கையை அலம்பிக்கொண்டு, மீன் தலையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.